பால் பிடித்துக்கொண்ட இடம்: பதினெட்டு மாதக் குழந்தையின் உயரக் குறைவு

கேள்வி: எங்கள் மகளுக்குப் பதினெட்டு மாதம் நிறைந்துவிட்டது. பிறந்தபோது 2.6 கிலோ இருந்தாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தேன். ஏழாம் மாதத்திலிருந்து நன்றாக வடிகட்டிய நீர்க்கஞ்சி கொடுத்து வந்தோம். கெட்டியாகக் கொடுத்தால் புரையேறிவிடும் என்ற பயம். பதினோராம் மாதம் நான் வேலைக்குத் திரும்பியதும் தாய்ப்பாலை நிறுத்திவிட்டேன். இப்போது புட்டியில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பசும்பால் குடிக்கிறாள். அதில் இரண்டு முறை இரவில். சாப்பாடு நான்கைந்து வாய்க்கு மேல் இறங்குவதில்லை. கைப்பேசியைக் காட்டித்தான் ஊட்டுகிறோம். இடையில் மூன்று முறை வயிற்றுப்போக்கு வந்தது. அந்த நாட்களில் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்தோம். சென்ற வாரம் தடுப்பூசிக்குப் போனபோது நீளம் 73.8 செ.மீ. என்றும், வயதுக்கேற்ற உயரம் இல்லை என்றும் சொன்னார்கள். எடை 9.1 கிலோ, பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கிறாள். அட்டையில் ஆறாம் மாதத்தில் 64.5 செ.மீ., ஓராண்டு நிறைவில் 70.2 செ.மீ. என்று இருக்கிறது. நானும் கணவரும் நடுத்தர உயரம். மாமியார் குள்ளம் என்பதால் இது பரம்பரை என்கிறார் கணவர். நான் ஊட்டிய முறையில்தான் தவறா? உயரத்துக்கென்று விற்கும் பானப் பொடியைக் கொடுக்கலாமா? இனி அவள் வளர்வாளா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை, நீங்கள் எடுத்தெழுதிய மூன்று நீள அளவுகள்தாம். பெரும்பாலான பெற்றோர் எடையை மட்டுமே எழுதி அனுப்புவார்கள். எடை பார்ப்பதோடு பரிசோதனையை முடித்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் எடை ஒரு வாரக் காய்ச்சலில் இறங்கி அடுத்த இரு வாரங்களில் ஏறிவிடக்கூடியது. நீளம் இறங்குவதே இல்லை. ஏற வேண்டிய காலத்தில் அது ஏறாமல் நின்றுவிட்டால் தினமும் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் கைகளுக்குக்கூட அது தெரிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலின்படி, பெண் குழந்தையின் இடைநிலை நீளம் (பாதிக் குழந்தைகள் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் இருக்கும் அளவு) ஆறாம் மாதத்தில் 65.7 செ.மீ., ஓராண்டில் 74.0 செ.மீ., பதினெட்டாம் மாதத்தில் 80.7 செ.மீ. ஆகும். உங்கள் மகள் இந்த நடுக்கோட்டுக்கு ஆறாம் மாதத்தில் 1.2 செ.மீ. மட்டுமே பின்தங்கியிருந்தாள், அது முற்றிலும் இயல்பான வேறுபாடு. ஓராண்டில் அந்த இடைவெளி 3.8 செ.மீ. ஆயிற்று, இப்போது 6.9 செ.மீ. ஆகியிருக்கிறது. பதினெட்டு மாதப் பெண் குழந்தைக்கு 74.9 செ.மீ. என்பது, நடுக்கோட்டிலிருந்து இரண்டு திட்ட விலக்கங்கள் (குழந்தைகளின் அளவுகள் நடுக்கோட்டைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) கீழே வரும் எல்லை. அதற்குக் குறைந்தால் வளர்ச்சி குன்றல் என்கிறோம். 72.0 செ.மீ.க்கும் கீழே போனால் அது கடுமையான குன்றல். உங்கள் மகள் இரண்டுக்கும் இடையில் நிற்கிறாள். ஆனால் அவள் எந்தக் கோட்டின் கீழ் இருக்கிறாள் என்பதைவிட, எப்போதிலிருந்து கீழே வரத் தொடங்கினாள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தாய்ப்பால் மட்டுமே போதுமாக இருந்த முதல் ஆறு மாதங்களில் ஏறக்குறைய சரியாகவே வளர்ந்த குழந்தை, பிற உணவும் பொறுப்பை ஏற்க வேண்டிய ஏழாம் மாதத்திலிருந்து பின்தங்கத் தொடங்கியிருக்கிறாள். உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்தக் காலப்பொருத்தத்திலேயே இருக்கிறது.

அளவு சரிதானா என்ற ஐயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை அளவுப்பலகையில் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்டிப் பாதத்தை அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். அழுது உதைக்கும் குழந்தையைத் தனியொருவர் நாடாவால் அளந்தால் ஒரு செ.மீ. பிழை எளிதாக வந்துவிடும். ஆகவே ஒரு முறை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஆனால் பிழை ஒரு செ.மீ. முழுமையாக உங்கள் மகளுக்குச் சாதகமாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும் 74.8 செ.மீ.தான் வருகிறது, வரைபடம் சொல்லும் கதை மாறவில்லை.

அடுத்து, பரம்பரை. உங்கள் கணவர் சொல்வதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். குட்டையான பெற்றோருக்குப் பிறந்த சில குழந்தைகள், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தங்கள் மரபுக்குரிய கோட்டுக்கு மெல்ல இறங்கி வந்து, பிறகு அந்தக் கோட்டிலேயே நிலையாக வளர்வதுண்டு. ஆனால் அதைக் கணிக்கப் பார்க்க வேண்டியது தாய் தந்தையின் உயரத்தை. இருவரும் நடுத்தர உயரம் என்னும்போது பாட்டியின் உயரத்தை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய இறக்கத்தை விளக்க முடியாது. இன்னொன்று: அந்த 2006 அளவுகோலை உருவாக்க 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல ஊட்டமும் நலமான சூழலும் வாய்த்த குழந்தைகளை அளந்தார்கள். நீளத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்தின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். சிறு வயதில் எந்த இனத்துக் குழந்தையும் வாய்ப்புக் கிடைத்தால் ஏறக்குறைய ஒரே போக்கில்தான் வளர்கிறது. பரம்பரை என்ற சொல் வீட்டில் ஒரு சமாதானத்தைத் தரும். அந்தச் சமாதானத்தில் ஆறு மாதம் கடந்துவிடும் என்பதுதான் என் கவலை.

"கொழுகொழுவென்றுதான் இருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை, 9.1 கிலோ என்பது அவளுடைய நீளத்துக்குப் பொருத்தமான எடையே. உடல் மெலிவும் வளர்ச்சி குன்றலும் வேறு வேறு என்று ஜான் வாட்டர்லோ என்ற பிரிட்டானிய மருத்துவர் 1970-களில் பிரித்துக் காட்டினார். மெலிந்த குழந்தைக்கு நீளத்துக்கேற்ற எடை இருக்காது; குன்றிய குழந்தைக்கு வயதுக்கேற்ற நீளம் இருக்காது, ஆனால் எடை அந்தக் குறைந்த நீளத்தோடு ஒத்துப்போவதால் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது; பழகாத கண்ணுக்கு வயது குறைந்த, நலமான குழந்தையாகவே தோன்றும். உங்கள் மகளுக்கு எரிபொருள் போய்ச் சேர்கிறது. உடலைக் கட்டுவதற்கான பொருள்கள்தாம் போதவில்லை. வெறுமனே "இன்னும் நிறையக் கொடுங்கள்" என்ற அறிவுரை இவளுக்குப் பொருந்தாது என்பதற்கும் இதுவே காரணம். சர்க்கரையும் பாலும் கூட்டினால் எடை ஏறும், நீளம் அப்படியே நிற்கும்.

நீளம் எப்படிக் கூடுகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கை, கால் எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பால் ஆன மெல்லிய வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. அங்கே செல்கள் பெருகி, பருத்து, பின்னர் எலும்பாக மாறுகின்றன. இந்த வேலை நடக்கக் கல்லீரலிலும் எலும்பிலும் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளின் கட்டளை வேண்டும்; உணவிலிருந்து எல்லா வகை அத்தியாவசிய அமினோ அமிலங்களும் துத்தநாகமும் கிடைத்து, உடலில் அழற்சி குறைவாக இருந்தால்தான் அந்தக் கட்டளை வலுவாகப் பிறக்கும். பற்றாக்குறை வரும்போது உடல் இதயத்தையும் மூளையையும் காத்துக்கொண்டு, ஒத்திவைக்கக்கூடிய வேலைகளை நிறுத்துகிறது. நீளம் கூடுவது அவற்றில் ஒன்று. 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தைகள் நாள்தோறும் சீராக வளர்வதில்லை, பல நாள் அசையாமல் இருந்து திடீரென ஒரு நாளில் நீள்கிறார்கள் என்று காட்டியது. முதல் ஆண்டில் சுமார் 25 செ.மீ., இரண்டாம் ஆண்டில் சுமார் 12 செ.மீ. என்று வளர்ச்சி இத்தனை வேகமாக இருக்கும் இந்த வயதில், பொருள் கையிருப்பில் இல்லாததால் தவறிப்போகும் ஒவ்வொரு வாய்ப்பும் அட்டையில் பதிவாகிவிடுகிறது.

இப்போது நீங்கள் ஊட்டிய முறைக்கு வருகிறேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்ததும், ஏழாம் மாதம் இணை உணவைத் தொடங்கியதும் மிகச் சரி. பிரச்சினை கஞ்சியின் நீர்த்தன்மையில் தொடங்குகிறது. சிறு குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு, ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் சுமார் 30 கிராம் வரைதான் கொள்ளும். உங்கள் மகளின் இன்றைய எடைக்கு அது ஏறக்குறைய 270 கிராம். நீர்த்து வடிகட்டிய கஞ்சியில் ஒரு கிராமுக்கு 0.3 கலோரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வயிறு முட்டக் குடித்தாலும் 80 கலோரிதான் கிடைக்கும். கரண்டியிலிருந்து வழியாமல் நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் குழைத்து, சிறிது எண்ணெய் சேர்த்து, கிராமுக்கு ஒரு கலோரி என்ற அளவுக்குக் கொண்டுவந்தால், அதே வயிற்றில் 270 கலோரி போகும். கிராமுக்கு 0.8 கலோரிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது என்று வல்லுநர்கள் சொல்வது இதனால்தான். வயிறு நிறைவதும் ஊட்டம் சேர்வதும் ஒன்றல்ல என்பது பெரியவர்களுக்கு ஒரு கருத்தாக மட்டும் இருக்கலாம். 270 கிராம் கொள்ளும் வயிற்றுக்கு அது நேரடியான கணக்கு. வடிகட்டும்போது பருப்பின் சக்கை, காய்கறியின் நார் என்று நீங்கள் கொட்டிவிட்டவற்றோடு புரதத்தின் ஒரு பகுதியும் போய்விட்டது.

புரையேறும் என்ற உங்கள் பயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஓங்கரிப்பது வேறு, மூச்சு அடைப்பது வேறு. புதிய கெட்டி உணவு நாக்கின் பின்புறம் படும்போது குழந்தை ஓங்கரித்து, முகம் சிவந்து, சத்தத்தோடு இருமி அதை முன்னே தள்ளிவிடும். அது உடலின் இயல்பான பாதுகாப்பு. சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால்தான் அது அடைப்பு. முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை, கடினமான மிட்டாய் போன்றவற்றைத் தவிர்த்து, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, பக்கத்தில் இருந்தபடி மசித்த உணவைக் கொடுப்பதில் அஞ்ச ஏதுமில்லை. எட்டு, ஒன்பது மாதங்களில் சிறு கட்டிகள் உள்ள உணவுக்குப் பழகாத குழந்தைகள், பின்னாளில் மெல்ல மறுப்பதும் வகைகளை ஒதுக்குவதும் அதிகம் என்பது மருத்துவர்களாகிய நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது. உங்கள் மகள் இன்று நான்கைந்து வாயில் நிறுத்திவிடுவதில் அந்தப் பழகாமைக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

பெரிய பங்கு பாலுக்குத்தான். பாலில் நல்ல புரதமும் கால்சியமும் உண்டு. வளர்ச்சிக்கு உதவும் உணவுதான். ஆனால் ஒரு லிட்டர் பால் 600 கலோரிக்கு மேல் கொடுக்கும். உங்கள் மகளின் வயதில் ஒரு நாளைய மொத்தத் தேவையே 800-க்கும் 900-க்கும் இடையில்தான். மூன்றில் இரண்டு பங்கு பசியைப் புட்டி அடக்கிவிட்ட பிறகு, தட்டின் முன் உட்கார வைக்கும் குழந்தை வாயை மூடிக்கொள்வதில் பிடிவாதம் ஏதுமில்லை. அவளுக்குப் பசிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு லிட்டர் பாலில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இருக்காது; இந்த வயதில் நாளுக்குச் சுமார் 7 மில்லிகிராம் உணவில் இருக்க வேண்டும். பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு நீர்க்கஞ்சியும் பாலுமாகவே ஓராண்டு போயிருக்கிறது. பாலிலுள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும், பிற உணவிலிருந்து வரும் சிறிதளவு இரும்பையும் உறிஞ்சவிடாமல் தடுக்கக்கூடியவை. இரும்பு மட்டும் கொடுத்தால் உயரம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மூளை மிக வேகமாக வளரும் வயது இது. இரத்தசோகை பசியையும் மந்தமாக்கும் என்பதால் அதைக் கவனிக்காமல் விட முடியாது.

இப்போது அவள் உண்ணும் உணவின் வகைகளை எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்த வயதுக் குழந்தைகளின் உணவை எட்டுத் தொகுதிகளாகப் பிரித்து, ஒரு நாளில் குறைந்தது ஐந்து தொகுதிகள் இருக்க வேண்டும் என்கின்றன: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டையும் விதையும், பால் பொருள்கள், இறைச்சியும் மீனும், முட்டை, வைட்டமின் ஏ மிகுந்த காய் கனிகள், மற்ற காய் கனிகள். உங்கள் கடிதத்தை வைத்து எண்ணினால் இரண்டு தொகுதிகள்தாம் உறுதியாகத் தேறுகின்றன. தானியத்தில் இருக்கும் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு அதை ஈடுகட்டும். தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் கட்டிப்போட்டுவிடும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை அதை ஓரளவு குறைக்கும். முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இந்தத் தடை இல்லை. மேலும், தாவர உணவில் இயற்கையாகக் கிடைக்காத வைட்டமின் பி12-உம் அவற்றில் உண்டு. இவற்றை உண்ணாத குடும்பமாக இருந்தால் பருப்பு, தயிர், அரைத்த கொட்டை விழுது, பழம் என்று திட்டமிட்டு அடுக்க வேண்டும்; முடியும், ஆனால் கவனம் கூடுதலாக வேண்டும், துணை மருந்து தேவைப்படலாம் என்பதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

முட்டை பற்றி ஓர் இடைக்குறிப்பு. ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்த ஆய்வு 2017-இல் வெளியானபோது, வளர்ச்சி குன்றல் 47 சதவீதம் குறைந்தது என்ற செய்தி எங்கும் பரவியது. பிறகு மலாவியில் அதே முறையில் செய்தபோது ஒட்டுமொத்த நீளத்தில் அத்தகைய பலன் தெரியவில்லை. அங்குள்ள குழந்தைகள் ஏற்கெனவே மீனிலிருந்து விலங்குப் புரதம் பெற்று வந்தது ஒரு காரணமாகக் கருதப்பட்டது. குழந்தையின் தட்டில் எது இல்லையோ அதைச் சேர்க்கும்போதுதான் பலன் தெரியும் என்று நான் இதைப் படிக்கிறேன். உங்கள் மகளின் தட்டில் முட்டை இல்லை, பருப்பும் இல்லை; ஆகவே அவளுக்கு இரண்டும் வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பல வீடுகளில் இன்றும் நடப்பதுதான். ஆனால் குடல் புண்பட்டு, இருப்பதும் இழக்கப்படும் நாட்களில் உணவையும் குறைத்தால் இழப்பு இரட்டிப்பாகிறது. இனி அப்படி நேர்ந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு வழக்கமான உணவையும் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். மருத்துவர் சொல்படி 10 முதல் 14 நாட்களுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் கொடுங்கள். குணமான பின் இரண்டு வாரங்களுக்கு ஒரு வேளை உணவைக் கூடுதலாகச் சேருங்கள். நோய்க்குப் பின் பசி தானாகவே திரும்பும் நாட்கள் அவை. விட்ட நீளத்தைக் குழந்தை பிடிப்பதும் அப்போதுதான். புட்டியின் காம்பும் கழுத்தும் எவ்வளவு கழுவினாலும் கிருமி தங்கும் இடங்கள் என்பதால், மூன்று முறை வந்த வயிற்றுப்போக்குக்கும் புட்டிக்கும் தொடர்பிருக்கலாம்.

எல்லாப் பொறுப்பையும் உணவின் மேல், அதாவது உங்கள் மேல், சுமத்துவதும் நேர்மையாகாது. 2.6 கிலோ என்பது இயல்பான எடையின் கீழ்ப்பகுதி. கருவிலேயே வளர்ச்சி சற்றுக் குறைந்திருந்தால் அதன் தொடர்ச்சியும் இதில் இருக்கும். வங்கதேசம், கென்யா ஆகிய நாடுகளில் நடந்து 2018-இலும், ஜிம்பாப்வேயில் நடந்து 2019-இலும் வெளியான பெரிய ஆய்வுகளில், உணவு ஆலோசனையும் சத்துக்கூட்டிய சிறு துணை உணவும் பெற்ற குழந்தைகள் கூடுதலாக வளர்ந்தார்கள். ஆனால் அந்தக் கூடுதல் சிறியதாகவே இருந்தது. கழிப்பறையும் கைகழுவும் வசதியும் மட்டும் தரப்பட்ட குழந்தைகளின் நீளத்தில் மாற்றமே இல்லை. குன்றலுக்குப் பல வேர்கள். உணவு அவற்றில் ஒன்று என்பதுடன், இன்று உங்கள் கைக்கு எட்டும் வேரும் அதுதான்.

செய்ய வேண்டியதை ஒரே நாளில் செய்ய முயலாதீர்கள். முதலில் இரவுப் புட்டியை விடுங்கள். நாலைந்து இரவுகள் அழுவாள், தண்ணீர் மட்டும் கொடுங்கள். அதன்பின் பகல் பாலைக் கோப்பைக்கு மாற்றி, இரண்டு மூன்று வாரங்களில் நாளுக்கு 400 மில்லி அளவுக்குக் கொண்டுவாருங்கள். எப்படியும் 500-ஐத் தாண்ட வேண்டாம். பாலை உணவுக்கு முன் கொடுக்காமல், உணவுக்குப் பிறகோ தனிவேளையாகவோ கொடுங்கள். பசி திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகும். இடையில் எடை சற்று நிற்கலாம்; அதைக் கண்டு பயந்து புட்டியை மீண்டும் கையில் எடுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு.

நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவு, இடையில் ஒன்று அல்லது இரண்டு சிற்றுணவு என்ற ஒழுங்கு இந்த வயதுக்குப் பொருந்தும். ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் பங்கு முதல் முழுக் கிண்ணம் வரை இலக்கு. தொடக்கத்தில் கால் கிண்ணம் இறங்கினாலும் போதும். வீட்டில் நீங்கள் உண்ணும் உணவையே உப்பும் காரமும் சேர்க்கும் முன் எடுத்து, குழைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ சேருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரிக்கு மேல் கிடைக்கும். அதோடு மசித்த பருப்போ, முட்டையோ, முள் நீக்கிய மீனோ, நன்கு வெந்து அரைத்த இறைச்சியோ ஏதேனும் ஒன்று ஒவ்வொரு முக்கிய வேளையிலும் இருக்கட்டும். கஞ்சிதான் அவளுக்குப் பழக்கம் என்றால், கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி மிதமான சூட்டில் இருக்கும்போது முளைகட்டிய தானியத்தின் மாவை ஒரு தேக்கரண்டி கலந்து, மறுபடி ஒரு கொதி விடுங்கள். முளையிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் தண்ணீர் சேர்க்காமலேயே கஞ்சி இளகும். விழுங்க எளிதாகவும், சத்தில் அடர்ந்ததாகவும் ஒரே நேரத்தில் இருக்க நான் அறிந்த மிகச் சிக்கனமான வழி இது.

கைப்பேசியை எடுத்துவிடுங்கள். திரையில் கண் பதிந்த குழந்தை வாயைத் திறக்கும். ஆனால் பசியையும் நிறைவையும் தானே உணரக் கற்காது. திரை இல்லாத வேளையில் அவள் உண்ண மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குடும்பத்தோடு உட்கார வையுங்கள். அவள் கையிலும் சிறிது உணவைக் கொடுங்கள், சிந்தட்டும். அவள் முகத்தைப் பார்த்துப் பேசியபடி ஊட்டுங்கள். இருபது முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த உணவோ சிற்றுணவோ வரும் வரை இடையில் எதுவும் வேண்டாம். தலையைத் திருப்பினால் அழுத்தித் திணிக்க வேண்டாம். திணித்து ஊட்டிய உணவை வெறுக்கக் குழந்தைகள் மிக விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு புதிய உணவை ஏற்கப் பத்து முறைக்கு மேலும் சுவைக்க வேண்டியிருக்கலாம் என்பதால், இரண்டு முறை துப்பியதை வைத்து "அவளுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டாதீர்கள்.

பானப் பொடி வேண்டாம். பல பொடிகளில் சர்க்கரையும் மாவுச்சத்தும் பால் தூளுமே பெரும்பங்கு; அதைக் கரைக்க இன்னொரு கோப்பைப் பால் வேண்டும்; ஆக, நாம் காலி செய்ய முயலும் அதே இடத்தை அது மறுபடி நிரப்பிவிடும். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

உணவை மாற்றும் அதே வாரத்தில் குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். ஹீமோகுளோபினைப் பார்த்து, தேவைப்பட்டால் இரும்பு மருந்தை அவர் எடைக்கேற்பத் தருவார். உணவு சரியான பின்னும் நீளம் நகரவில்லை என்றாலோ, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, அடிக்கடி காய்ச்சல், மிகுந்த மலச்சிக்கல், கை கால்களுக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தில் மாறுபாடு, பேச்சிலும் நடையிலும் பின்தங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, தைராய்டு குறைவு, கோதுமைப் புரதத்துக்கு உடலின் எதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினையால் வரும் சீலியாக் நோய், சிறுநீரகக் கோளாறு, பெண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் குரோமோசோம் குறைபாடான டர்னர் நிலை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டியிருக்கும். இவை அரிதானவை, ஆனால் எல்லாமே சோற்றால் சரியாகும் என்று நினைத்து இவற்றைத் தவறவிடக் கூடாது.

இனி வளர்வாளா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. ஐம்பத்து நான்கு நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஆய்வு, வயதுக்கேற்ற நீளம் சரிவது பெரும்பாலும் இரண்டு வயது வரையில்தான் என்று காட்டியது; உங்களிடம் அந்த இரண்டில் இன்னும் ஆறு மாதம் மிச்சமிருக்கிறது. அதன் பிறகும் ஈடுகட்டும் வளர்ச்சி நடக்கும், ஆனால் மெதுவாகவும் பெரும்பாலும் பகுதியாகவும். இழந்த 6.9 செ.மீ. முழுவதும் இந்த ஆறு மாதத்தில் திரும்பும் என்று உங்களுக்கு நம்பிக்கை தர மாட்டேன். முதலில் இடைவெளி விரிவது நிற்க வேண்டும். பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாம் மாதத்துக்குள் இடைநிலைக் குழந்தை 3 செ.மீ. வளர்கிறது, உங்கள் மகள் அப்போது 76.8 செ.மீ.ஐத் தொட்டால் சரிவு நின்றுவிட்டது என்று கொள்ளலாம், அதைத் தாண்டினால் ஏறத் தொடங்கிவிட்டாள். ஆகவே மாதந்தோறும் அளந்து மனம் குலைய வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே பலகையில், முடிந்தால் அதே ஆளைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். இரண்டு வயது நிறைந்ததும் சில இடங்களில் குழந்தையை நிற்க வைத்து அளக்கத் தொடங்குவார்கள். நின்ற அளவு படுத்த அளவைவிடச் சுமார் 0.7 செ.மீ. குறைவாக வரும். அப்படி அளந்தால் அதை அட்டையில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்; இல்லையென்றால் அவள் வளர்ந்திருப்பதே அந்த 0.7-இல் மறைந்துபோகும்.